பீடிகை இல்லாத கடிதம்

மூன்று நாள் உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதிய கடிதம், காலை பத்தரை மணிக்கு மேலாளர் அறையிலிருந்து திரும்பி வந்திருந்தது. கடிதத்தின் கீழே மேலாளரின் கையெழுத்து. மேலே ஒரு மஞ்சள் சீட்டு. சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: ‘ஃபிராங்க்’.

கடிதப் பிரிவு எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். சொல் மாறவில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் ‘பீடிகை’ என்று பெயர். எதையும் நேராகச் சொல்ல அவருக்கு வராது. பக்கத்து அறையில் தீப்பிடித்தால்கூட, “நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று ஆரம்பித்து, வெயில் காலத்தின் பொதுவான இயல்புகளைத் தொட்டு, மின்சாரக் கம்பிகளின் வயதுக்கு வருவதற்குள் கேட்பவருக்கே புகை வாசனை வந்துவிடும். நாற்காலி செய்து விற்கும் அந்தக் கம்பெனிக்கு இப்படி ஓர் ஆள் தேவையாகவும் இருந்தது. நாற்காலியின் கால் உடைந்துவிட்டதாகப் புகார் எழுதியவர்களில் மூன்று பேர், பீடிகையின் பதிலைப் படித்துவிட்டு, தாங்கள்தான் கொஞ்சம் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

திரும்பி வந்தது புகாருக்கான பதில் இல்லை. பென்சிலைப் பற்றிய கடிதம்.

பென்சில் என்பது பக்கத்து மேஜை வரைபடக்காரர். காதில் பென்சில் செருகியிருப்பதை மறந்துவிட்டு இன்னொரு பென்சிலை ஊரெல்லாம் தேடுகிறவர். பதினோரு வருடமாக இருவரும் ஒரே ஜன்னலைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பென்சிலின் மனைவி வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மகளும் அவளோடு. இரண்டு வருடமாகக் குடும்பம் அங்கும் இங்குமாகக் கிடந்தது. இப்போது அந்த ஊரிலேயே ஒரு மரச்சாமான் கம்பெனியில் வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்திருந்தது. பழைய அலுவலகத்திலிருந்து இவரைப் பற்றி ஒரு கடிதம், மூடிய உறையில், தபாலில் வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மேலாளர் அம்மாள் அதை எழுதும் பொறுப்பைப் பீடிகையிடம் விட்டிருந்தார். பீடிகையும் நண்பனுக்காக வஞ்சனை இல்லாமல் எழுதினார். ‘காலம் தவறாதவர்’ என்று எழுதினார். ‘சோர்வறியாதவர்’ என்று எழுதினார். ‘இவர் வடிவமைத்த நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் எழுந்திருக்க மனம் வராமல் தவித்திருக்கிறார்கள்’ என்று எழுதியபோது அவருக்கே கண் கலங்கியது.

அந்தக் கடிதத்தின் மேல்தான் இப்போது ‘ஃபிராங்க்’ என்று உட்கார்ந்திருந்தது.

மேலாளர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதிகம் பேசாதவர். சீட்டில் ஒரு சொல் எழுதி ஒட்டி அனுப்புவார். ‘அவசரம்’ என்பார். ‘கோப்பு’ என்பார். அந்தச் சொல்லுக்கு மேல் விளக்கம் கேட்டு அவர் அறைக் கதவைத் தட்டும் துணிச்சல் யாருக்கும் இல்லை. பீடிகைக்கு நிச்சயம் இல்லை.

பீரோவிலிருந்து அகராதியை எடுத்தார். ‘ஒளிவுமறைவற்ற, கபடமில்லாத, மனம் திறந்த’ என்று போட்டிருந்தது. மேற்கொண்டு படிக்க அவருக்குத் தெம்பில்லை. அகராதியை மூடிவிட்டார். கபடமில்லாத என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

“என்னடா, லெட்டர் வந்துடுச்சா?” என்றார் பென்சில், தலையை நீட்டி.

பீடிகை கடிதத்தின் மேல் அகராதியை வைத்தார். “லெட்டர்ங்கறது இருக்கு பாரு, அது ஒரு பயணம் மாதிரி...”

“சரி சரி, போறப்ப போகட்டும். நீ எழுதினா எனக்குக் கவலை இல்ல” என்று பென்சில் தன் மேஜைக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் உட்கார்ந்தார்.

“ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ஃபிராங்க். அதைப் பத்தி நீ பொதுவா என்ன நினைக்கற?”

“மனசுல இருக்கறதை அப்படியே சொல்றது. ஏன், யாராவது உங்களைச் சொல்லிட்டாங்களா? ஆள் மாறிப் போயிருக்கும்.”

“ஒரு லெட்டர் மேல அதை மட்டும் எழுதி ஒட்டினா?”

“லெட்டர்ல பொய் இருக்குன்னு அர்த்தம்.”

“அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. நல்ல அர்த்தத்துலயும்...”

“ஃபிராங்க்குக்கு நல்ல அர்த்தம் எங்க இருக்கு? ‘ஃபிராங்க்கா சொல்லணும்னா’ன்னு ஆரம்பிச்சு யாராவது நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ‘ஃபிராங்க்கா சொல்லணும்னா உன் சமையல் பிரமாதம்’னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஃபிராங்க்னு ஆரம்பிச்சா அடுத்தது உப்பு ஜாஸ்தின்னுதான் வரும்.” அவள் ஒரு சட்டையை உதறினாள். “நீங்க அதைக்கூடச் சொன்னதில்ல. கல்யாணமான நாள்லேர்ந்து தட்டைப் பார்த்து, ‘சாப்பாடுங்கறது ஒரு பெரிய விஷயம்’னு சொல்லிட்டு எழுந்து போயிடறீங்க. நல்லா இருந்துதா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

பீடிகைக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. தான் தினமும் பாராட்டிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

“கையெழுத்தும் போட்டிருக்காங்க. சீட்டும் ஒட்டியிருக்காங்க” என்றார்.

“கையெழுத்து மரியாதைக்கு. சீட்டு உங்களுக்கு” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அவள் துணியோடு உள்ளே போனாள்.

மறுநாள் கடிதத்தைத் திருத்தினார். ‘காலம் தவறாதவர்’ என்பதை ‘காலத்தைப் பெரும்பாலும் மதிப்பவர்’ என்று ஆக்கினார். ‘சோர்வறியாதவர்’ என்பதை ‘காலை நேரங்களில் சோர்வறியாதவர்’ என்று ஆக்கினார். நாற்காலி வாக்கியத்தை மட்டும் தொட மனம் வரவில்லை; ஒரு விதத்தில் அது உண்மைதான். பென்சில் வரைந்த வரவேற்பறை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, ஐந்தாவது நிமிடம் கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். கைகொடுத்துத் தூக்கினால்தான் எழுந்திருக்க முடியும். ‘இது எங்கள் ஓய்வு நிலைத் தொழில்நுட்பம்’ என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதிச் சமாளித்தது பீடிகைதான்.

திருத்திய கடிதம் கையெழுத்துக்குப் போனது. மத்தியானம் திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. சீட்டும் இருந்தது. ‘ஃபிராங்க்’. இந்தத் தடவை அடிக்கோடு வேறு.

கொண்டுவந்த அட்டெண்டரைப் பிடித்து நிறுத்தினார். “மேடம் இதைக் கொடுக்கும்போது முகம் எப்படி இருந்தது?”

“முகம் மாதிரிதான் சார் இருந்தது.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“‘இது இன்னுமா இங்க இருக்கு’ன்னாங்க.”

பீடிகைக்கு வியர்த்தது. இது இன்னுமா இங்கே இருக்கிறது என்றால் எது? பொய்தான். வேறென்ன? அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பென்சில் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவது, சாப்பாட்டுக்குப் பிறகு கையில் அளவுகோலோடு கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது, எல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் தானே சொல்லாமல் இவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறார். இது பென்சிலுக்கு வைத்த பரீட்சை இல்லை, தனக்கு.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேஜைத் தொலைபேசி அடித்தது.

“அந்த லெட்டர் என்ன சார் ஆச்சு? ஃபிராங்க் பண்ணியாச்சா, இல்லையா?” மேலாளரின் குரல். மூன்று மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்.

“பண்ணிட்டே இருக்கேன் மேடம். ரெண்டு தடவை பண்ணேன். போதுமான அளவுக்கு...”

“இதுல அளவு என்ன சார் இருக்கு? பண்ணினா பண்ணினதுதான். இன்னிக்கு லெட்டர் போயாகணும்.”

தொலைபேசியை வைத்தார். இதில் அளவு என்ன இருக்கிறது! எவ்வளவு பெரிய வார்த்தை! ஐம்பது வயதுவரை ஒரு மனிதரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லையே என்று இருந்தது. மனதின் அடியில் இதுவரை அவர் அறியாத ஒரு வீரமும் தலைதூக்கியது.

பக்கத்து மேஜை காலியாக இருந்தது. பென்சில் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கப் போயிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் கொடுப்பதற்கு. பீடிகை அந்தப் பக்கம் பார்க்காமல் எழுதினார். முதல் முறையாக ஒரு ‘எனினும்’ இல்லை, ஒரு ‘ஓரளவுக்கு’ இல்லை. ‘தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவார். மதியம் தூங்குவார். ஒரே வரைபடத்தை மூன்று முறை போடுவார். இவர் வடிவமைத்த ஒரு நாற்காலி, உட்கார்ந்தவர்களைச் சரித்துவிடும்.’ நான்கே வரி. அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சின்னக் கடிதம்.

தானே எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். அவர் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல், தாளின் அடிப்பகுதியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பீடிகை ஒரு பதக்கம் போல வாங்கிக்கொண்டார்.

வேறு யார் கையிலும் கொடுக்காமல், உறையில் போட்டு, தானே ஸ்டாம்பு ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அது கேட்டதுமே வீரம் எல்லாம் வடிந்துவிட்டது. பெட்டியின் வாயில் கையைவிட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

“போயிடுச்சாடா?” என்றார் பென்சில், மறுநாள் காலை. வழக்கம்போல இருபது நிமிடம் தாமதம். மேஜை மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை.

“போச்சு.”

“ஃபிராங்க்கா சொல்லு. எப்படி எழுதியிருக்க?”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்தா கேட்க வேண்டும்! பீடிகை தண்ணீர் குடித்தார். “ஒரு மனுஷனைப் பத்தி எழுதறதுன்னா, அது வந்து, கடல்ல இருந்து ஒரு சொம்பு தண்ணி எடுக்கற மாதிரி...”

பென்சில் சிரித்துவிட்டார். “புரிஞ்சுது. ஏகத்துக்கும் புகழ்ந்திருக்க. வீட்டைக் காலி பண்றதா நேத்தே சொல்லிட்டேன்டா.”

அன்று பீடிகை சாப்பிடவில்லை. மத்தியானம், பென்சில் அளவுகோலோடு தூங்கிக்கொண்டிருந்தபோது, ரகசியமாக இன்னொரு கடிதம் எழுதினார். அந்த மரச்சாமான் கம்பெனிக்கே. ‘முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று தொடங்கி, காலம் தவறாதவர், சோர்வறியாதவர் என்று பழைய பாட்டையெல்லாம் பாடி, பதற்றத்தில் ‘இவர் சென்றுவிட்டால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது’ என்று முடித்தார். எழுத நினைத்தது ‘எவ்வளவு நஷ்டம்’ என்று. மனசு ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருந்திருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்ட பிறகு, நகலைப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

ஒன்பதாவது நாள் பென்சிலுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. பீடிகை குனிந்து, இல்லாத ஒரு குண்டூசியைத் தேடினார். பென்சில் அதிகம் பேசவில்லை. “சரிங்க” என்றார். “படிங்க” என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைபேசியை வைத்தபோது காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“ரெண்டு லெட்டர் போயிருக்காம்டா. எது நிஜம்னு கேட்டாங்க. ஒரு ஆபீஸ்லேர்ந்து ஒரே ஆளைப் பத்தி இப்படி ரெண்டு விதமா வந்தா நாங்க எப்படி எடுக்கறதுன்னாங்க.”

பீடிகை நிமிர்ந்தார். பீடிகை போட வாய் திறந்தார். வரவில்லை.

“ரெண்டும் நான்தான் எழுதினேன்” என்றார்.

“தெரியும். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?” பென்சிலின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பீடிகை தாங்கியிருப்பார். “முதல் லெட்டர்ல இருந்தது எல்லாம் உண்மைதான். ஒரு வார்த்தை பொய் இல்ல. இருபது நிமிஷம் லேட். ஆமா. ஆனா ஏன் லேட்டுன்னு உனக்குத் தெரியுமே? குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்பற வரைக்கும் போன்ல பேசிட்டு இருப்பேன். அவ ஷூ மாட்டற சத்தம் கேட்ட பிறகுதான் நான் கிளம்புவேன். உங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். அத்தனை உண்மையையும் எழுதினவன், அந்த ஒரு உண்மையை ஏன்டா விட்டுட்ட?”

நான்கு வரியில் அடக்க வேண்டும் என்று நினைத்தபோது, எதை விடுவது என்று பீடிகை யோசிக்கவே இல்லை. மேலாளரின் சீட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சொன்னால் பழியை வேறொருவர் தலையில் போடுவதாகும். அது ஃபிராங்க் ஆகாது. குனிந்து, கீழே கிடந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

மறுவாரம் பென்சில் தன் மேஜையைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கே ஜன்னல் கிடையாது. காலி செய்வதாகச் சொன்ன வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், ஓர் அறை பார்த்துக்கொண்டு போனதாகப் பேச்சு. சிவப்புப் பை பார்சலில் போனதாம். ஒரு விஷயத்தை எல்லாரும் கவனித்தார்கள்: பென்சில் இப்போதெல்லாம் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார். அந்த ஷூ சத்தத்துக்கு அவர் இப்போது காத்திருப்பதில்லை என்பது பீடிகைக்கு மட்டும் புரிந்தது. வாசலில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று ஆரம்பிப்பார். பென்சில் மரியாதையாக நின்று கேட்பார். அதற்கு மேல் சொல்லப் பீடிகைக்கு ஒன்றும் இருக்காது.

மேலாளரிடம் பீடிகை பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாள் படியில் வந்தால் இவர் ஒதுங்கிக்கொள்வார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் குடும்பத்தைப் பிரித்து வைக்கிற கல்நெஞ்சு என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். நேராகவே சொன்னார். அன்று குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பதையும் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்து, “அப்பாடா” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து, “போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. பீடிகை போடாம” என்றாள்.

கேட்க வேண்டும் என்றுதான் இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அன்றும் அப்படித்தான், பட்டறைப் பக்கம் போவதற்காக எழுந்து நின்றார். கையில் ஒரு தாள். மன்னிப்பை எழுதி வைத்திருந்தார்; ஒரே வரி. அப்போது மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு காலை மெல்ல ஊன்றியபடி, தரைத்தளத் தபால் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாள் ஏறி வந்தார். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் விடுப்பில் இருந்துவிட்டு, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

“என்னம்மா, இந்தக் காலோட ஏன் மாடி ஏறினீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே?”

“ஒண்ணும் இல்ல சார்.” அவர் பக்கத்து மேஜை இருந்த காலி இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டார். “நான் இல்லாதப்ப எனக்கு வர வேண்டிய மஞ்சள் சீட்டு எதையாவது அட்டெண்டர் உங்க மேஜைல வெச்சுட்டுப் போனாரான்னு கேட்க வந்தேன். மேடம் ‘ஃபிராங்க்’னு எழுதி ஒட்டினா அது எனக்கு சார், கவர் மேல ஸ்டாம்பு ஒட்டாம நம்ம தபால் மெஷின்ல விட்டு முத்திரை குத்தி அனுப்புன்னு அர்த்தம்.”